சுவர் இல்லாத மேடையில் முப்பது கிலோ

அன்று கடைசிச் சுற்றில் மேடையில் இருந்தவர்கள் நாலு பேர். என் அண்ணன் இசக்கிமுத்து. கோவண்டியிலிருந்து வந்திருந்த கதிர். கையில் மைக்கோடு சந்துரு, தாராவி மெயின் ரோட்டில் புரோட்டீன் டப்பா விற்கிறவன். அப்புறம் நான். கழுத்தில் ‘ஜட்ஜ்’ என்று அட்டை தொங்க, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் பெயர் அச்சடித்திருந்த டாக்டர் வரவில்லை. மதினி வரவில்லை. “இந்தக் கூத்துக்குப் போவாதீங்க” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு விக்ரோலியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் அம்மாவுக்கு விஷயமே தெரியாது. மகன் ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் கேன் போடப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுவரும் வரவில்லை. இந்த வாரம் அந்தச் சுவரைப் பற்றித்தான்.

கேட்டீர்கள், சொல்கிறேன்

செம்பூரில் ஒரு ஜிம்மில் டிரெய்னராக இருக்கிறேன் என்று சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: டம்பெல் வைத்து பைசெப்ஸ் கர்ல் செய்வதற்குச் சரியான முறை என்ன? அதில் ஒருவருக்கு இரண்டு மாதத்தில் மகள் கல்யாணமாம். அதற்குள் கை பருத்தாக வேண்டுமாம்.

சொல்கிறேன். ஆனால் கோபத்தோடுதான் சொல்ல முடியும். இந்தப் பயிற்சியின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

நேராக நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகி இருக்கட்டும். உள்ளங்கை முன்பக்கம் பார்க்கட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் முழங்கை. கதவு ஆடலாம், கீல் நகரக் கூடாது. மணிக்கட்டை மடக்காதீர்கள். மூச்சை விட்டுக்கொண்டே எடையைத் தூக்குங்கள். மேலே போனதும் ஒரு நொடி நிறுத்துங்கள்.

பிறகு இறக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் திருடுகிறார்கள். தூக்கும்போது ஊரே பார்க்கிறது, இறக்கும்போது யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. தொப்பென்று கையை விடுகிறார்கள். மூன்று எண்ணி இறக்குங்கள். முழங்கை நீளும்வரை இறக்குங்கள். கடைசியில் வெட்டி இழுக்காதீர்கள். இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, ஊஞ்சல் ஆட்டி எடையை மேலே கொண்டுவந்தால் அது கர்லே இல்லை. பத்துமுறை ஒழுங்காகத் தூக்க முடியாத எடை உங்களுடைய எடை இல்லை. ரேக்கில் வைத்துவிட்டுச் சின்னதை எடுங்கள்.

இவ்வளவுதான். ஐந்து நிமிடப் பாடம். செம்பூர் ஜிம்மில் இதைச் சொன்னதற்காக ஒருவர் என்மேல் புகார் கொடுத்தார். இருபது கிலோவைத் தூக்கி நடனம் ஆடிக்கொண்டிருந்தவர் கையில் நான் எட்டு கிலோவைக் கொடுத்துவிட்டேனாம். அவமானமாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கிளையண்ட் சந்தோஷமாக இருப்பதுதான் முக்கியம் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டம்ளர் சட்டம்

நானும் அண்ணனும் கர்ல் கற்றது செம்பூரில் இல்லை. தாராவியில், அட்டைப்பெட்டி ஒட்டுகிற பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற ஒரு தகர அறை. பத்தடிக்குப் பதினைந்தடி. கீழேயிருந்து பசை வாடை வரும். நடுவில் டம்பெல்கள் கிடக்கும். எட்டுப் பேர் சுவரோரமாக முதுகை ஒட்டி நின்றால்தான் எல்லோருக்கும் இடம் இருக்கும்.

அந்தச் சுவருக்குப் பின்னால் வேறொரு குடும்பம் இருந்தது. தகரத்தின் அந்தப் பக்கம் ஒரு பலகை அடித்து, எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைத்திருந்தாள் செல்லக்கனி அக்கா. நாம் உடம்பை ஆட்டினால் முதுகு விலகித் திரும்ப வந்து தகரத்தில் மோதும். முழங்கை பின்னால் போனாலும் மோதும். உடனே அங்கே டம்ளர் உருளும். அக்கா கரண்டியால் தகரத்தைத் தட்டுவாள்.

“ஏலே, எவம்லே அது ஆட்டம் போடுதது?”

டம்ளர் சத்தம் கேட்டால் அந்த முறை கணக்கில் சேராது. அதுதான் எங்கள் ஜிம்மின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று தடவை சத்தம் கேட்டால் ஆட்டியவன் கீழே போய் அக்காவுக்கு டீ வாங்கி வர வேண்டும். முதல் மாதம் முழுவதும் நான்தான் டீ வாங்கினேன்.

பிறகு நான் பி.காம். முடித்து, அதற்குமேல் ஆறு மாதம் டிரெய்னர் கோர்ஸ் படித்தேன். பாடம் எல்லாம் ஆங்கிலம். ஸ்டிரிக்ட் கர்ல் என்று ஒரு பக்கம் வந்தது. முதுகும் இடுப்பும் சுவரில், குதிகால் தரையில், உடம்பு ஆடாமல் தூக்க வேண்டும். வெளிநாட்டில் அதற்குப் போட்டியே உண்டாம். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்லக்கனி அக்காவின் டம்ளர்கள் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தன?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். அண்ணன் ஏழாவதோடு நின்றுவிட்டான். கோர்ஸுக்கு ஃபீஸ் கட்டியது அவன் தூக்கிய கேன்கள். சர்டிஃபிகேட் வந்த அன்றைக்கு அவன் என்னைச் சார்வாள் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இறக்கி வைக்கிற கை

அண்ணனின் வேலை இருபது லிட்டர் தண்ணீர் கேன் போடுவது. காலையில் மாட்டுங்கா, மத்தியானம் செம்பூர். மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடங்கள் நிறைய உண்டு. வலது கையில் ஒரு கேன், இடது கையில் ஒரு கேன், நாலு மாடி.

அவன் உடம்பை ஆட்டாமல் தூக்குவான். ஆட்டினால் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி இடிக்கும். இறக்குவதில் அவனுக்கு மேல் ஆளே கிடையாது. அதைக் கற்றுக் கொடுத்தது நாலாம் மாடி மாமி. பாலக்காட்டுக் குடும்பம், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கேனைக் கீழே போட்ட வேகத்தில் சமையலறை டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டதாம். அன்றிலிருந்து, முட்டையைக் கூடையில் வைப்பதுபோல வைக்கச் சொன்னாராம். பதினோரு வருஷமாக அப்படித்தான் வைத்தான். ஒரு நாளைக்கு நாற்பது கேன், ஐம்பது கேன்.

புத்தகத்தில் படித்த எனக்கு மூன்று எண்ண வேண்டும். அவனுக்கு எண்ணவே வேண்டாம்.

அதனால்தான் சந்துரு போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியபோது எல்லோரும் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். ஒற்றைக் கை டம்பெல் கர்ல். சுவரில் சாய்ந்து, ஆடாமல். ஜெயித்தால் ஐயாயிரத்து ஒரு ரூபாய், ஒரு கோப்பை, புரோட்டீன் டப்பா. எங்கள் ஏரியாவில் சர்டிஃபிகேட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை நடுவராகப் போட்டார்கள்.

அண்ணன் போட்டியிடும்போது நான் நடுவராக இருக்கலாமா? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அட்டை கழுத்தில் ஏறியதும் அந்தக் கேள்வி எனக்கு மறந்துபோனது.

போட்டிக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. என்ன ஆனாலும் பங்கேற்பவரே பொறுப்பு என்று இருந்தது. நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அண்ணன் படிக்காமலே போட்டான். சார்வாள் படித்துவிட்டாரே, அப்புறம் என்ன என்றான்.

தலைவரின் முகம்

மைதானத்தில் போட்ட மேடையில் சுவருக்கு எங்கே போவது? ஒரு பெரிய பிளைவுட் பலகையை நிறுத்தி, பின்னால் இரண்டு கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது போதும். இருபது கிலோ சுற்று ஒழுங்காக நடந்தது. இருபத்தைந்தும் நடந்தது. அந்தச் சுற்றோடு கதிரும் அண்ணனும் மட்டும் மிஞ்சினார்கள்.

பலகையில் ஃபிளெக்ஸ் ஒட்டியிருந்தது. ஃபிளெக்ஸில் பணம் கொடுத்த உள்ளூர்த் தலைவரின் முகம், ஆள் உயரத்துக்கு. முதுகைச் சாய்த்தவன் ஒவ்வொருவனும் அந்த முகத்தில்தான் சாய்ந்தான். மே மாத மத்தியானம். எட்டுப் பேரின் வேர்வை. தலைவரின் மீசைப் பக்கம் நிறம் கரைந்து ஊதாவாக வழிய ஆரம்பித்தது.

மேடைக்குக் கீழே நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சந்துருவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சந்துரு ஓடி வந்தான்.

“பலகைய எடுத்துருவோம் பாய். தலைவர் மூஞ்சில பசீனா வழியுது.”

சுவர் இல்லாமல் ஆடுகிறானா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன்.

“நீ எதுக்கு இருக்கே? கண்ணால பாரு. நீதான சர்டிஃபைடு.”

எழுந்து போயிருக்க வேண்டும். அட்டையைக் கழற்றி அவன் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் எடை ஏறஏற உடம்பு தானாகத் திருடும், அப்போதுதான் கை பிய்யும் என்று என் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அதற்குப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

தலையை ஆட்டினேன்.

நாலு பேர் பலகையைத் தூக்கி மேடைக்குப் பின்னால் கொண்டுபோய், வெயில் படாமல் நிறுத்தினார்கள். அந்த முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்கள்.

குதிகால்

கடைசிச் சுற்று இருபத்தேழரை. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

கதிர் தூக்கினான். இடுப்பு லேசாக முன்னால் வந்தது. பார்த்தேன். செல்லக்கனி அக்காவின் சுவராக இருந்திருந்தால் எல்லா டம்ளரும் உருண்டிருக்கும். செல்லும் என்று வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டேன். வெளியூர்க்காரனுக்கு அநியாயம் செய்தார்கள் என்று பேச்சு வரக் கூடாது அல்லவா?

அண்ணன் வந்தான். சுவர் இல்லாத இடத்தில் சுவர் இருப்பதுபோல நின்றான். முழங்கை விலாவில். தூக்கினான். மேலே நிறுத்தினான். மாமி வீட்டு டைல்ஸில் வைக்கிறமாதிரி இறக்கினான். அவ்வளவு சுத்தமாக ஒருவன் இருபத்தேழரை கிலோவைத் தூக்கி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ, “தம்பிதானே, குடுத்துருவான்” என்றான்.

சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

காரணம் சொல்ல வேண்டுமே. வலது குதிகால் தரையை விட்டது என்று மைக்கில் சொன்னேன். ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அண்ணன் கோபப்படவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“தூக்குனேனாலே?”

“ஆமாண்ணே.”

“சரி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

கூட்டம் கை தட்டியது. அவனுக்கு இல்லை, எனக்கு. சொந்த அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை, ஏக் நம்பர் ஜட்ஜ் என்று சந்துரு மைக்கில் சொன்னான். எனக்கு ஜிலுஜிலு என்று இருந்தது. மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் என்னை நேர்மையானவன் என்று சொன்னது. அந்த நேர்மையை நான் அண்ணனின் கையை விற்று வாங்கினேன்.

இருபத்தேழரையை மறுபடி தூக்கினால் சமம்தான் ஆகும். அண்ணன் முப்பதைக் கேட்டான். தகர அறையில் முப்பதே கிடையாது. அவன் அதுவரை தொட்டதில்லை. எனக்குத் தெரியும்.

இந்தமுறை குதிகாலில் கவனம் வைத்தான். அது நன்றாகத் தெரிந்தது. கண் கீழே காலைத்தான் பார்த்தது. பாதத்தைத் தரையில் ஆணி அடித்ததுபோல ஊன்றிக்கொண்டான். முழங்கையை மறந்தான். எடை பாதி வழியில் நின்றது. முதுகை வெட்டினான். எடை மேலே வந்து, திரும்பவும் கீழே விழுந்தது. விழுந்ததைக் கை பிடிக்கப் பார்த்தது.

ஈரத்துணியைக் கிழித்தமாதிரி ஒரு சத்தம். முன்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

கைதட்டல்

முழங்கைப் பக்கம் எலும்போடு தசையைக் கட்டியிருக்கும் நார் அறுந்தால், தசை தோள்பக்கமாகச் சுருண்டு ஏறிக்கொள்ளும். மேல்கையில் பந்து வைத்ததுபோலத் தெரியும். தெரியாதவர்களுக்கு அது பெரிய பைசெப்ஸ்.

கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. சந்துரு அண்ணனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றான். அண்ணன் வெளுத்துப்போய்ச் சிரித்தான். அந்த ஃபோட்டோ இன்றும் சந்துருவின் கடை வாசலில் ஃபிளெக்ஸாகத் தொங்குகிறது. அறுந்த கையைக் காட்டிப் புரோட்டீன் விற்கிறான். வீடியோவும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டோடு.

கோப்பை கதிருக்குப் போனது. அவன் நல்லவன். இறங்கும்போது, தன் இடுப்பு ஆடியதை நான் பார்க்கவில்லையா என்று என் காதில் கேட்டான்.

மூடி

வலி ஸ்பிரே அடித்தார்கள். எண்ணெய் தடவினார்கள். பேண்டேஜ் கட்டினார்கள். மறுநாள் காட்டச் சொன்னேன். அண்ணன் கையை மடக்கிக் காட்டினான். மடங்கியது. அந்த நார் அறுந்தாலும் கை மடங்கும், வேறு தசை இருக்கிறது. இதுவும் என் புத்தகத்தில் இருக்கிறது. மடங்குகிறதே, சரியாகிவிடும் என்றேன். அவனும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஐந்து வாரம் கழித்து நாலாம் மாடி மாமி எனக்குப் போன் செய்தார். என் நம்பரை அண்ணன் என்றைக்கோ அவரிடம் கொடுத்து வைத்திருந்தான், தம்பி படித்தவன், ஏதாவது ஃபாரம் நிரப்ப வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று.

“இன்னிக்கு இசக்கி கேனை டமால்னு வெச்சான். பதினோரு வருஷத்திலே இப்படி வெச்சதே இல்லை. மூடியைத் திருகித் தாடான்னேன், வலது கையாலே திருக முடியலை அவனுக்கு. பல்லைக் கடிச்சுண்டு இடது கையாலே திறக்கறான். நீ கூடவே இருக்கியே, ஒனக்குத் தெரியலையா?”

தெரியவில்லை மாமி. சர்டிஃபிகேட் வைத்திருக்கிறேன், தெரியவில்லை.

செம்பூரில் ஒரு டாக்டர் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்த மறுநொடியே சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் சின்ன வேலை. இப்போது நார் சுருங்கி மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. பிரித்து, வேறு இடத்திலிருந்து நார் எடுத்து ஒட்டுப்போட்டு, எலும்பில் துளைபோட்டுக் கட்ட வேண்டும். பழைய பலம் முழுதும் வருமா என்று கேட்டேன். அவர் அண்ணனிடம் என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் சொன்னான். அவர் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

சந்துருவிடம் போனேன். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினான். படித்துச் சொன்னவன் நீதானே என்றான். கடைப் பையன்களைத் தாண்டி அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஒரு பொத்தான் பிய்ந்தது. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் சொன்னது சரி.

ஆபரேஷனுக்காக மதினி நகைகளை எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டு வந்தாள். அம்மா அந்தப் போட்டியை நடத்தினவனைச் சபித்துக்கொண்டே இருக்கிறாள். குதிகால் விஷயத்தை அண்ணன் அவளிடம் சொல்லவில்லை. நானும் இந்த வாரம்தான் எழுதுகிறேன்.

இப்போது காலையில் மாட்டுங்கா கேன்களை நான் போடுகிறேன். பிறகு செம்பூர் ஜிம். மாமி வீட்டில் மெதுவாக இறக்கி வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. மூன்று எண்ணித்தான் வைக்கிறேன்.

சாயங்காலம் அண்ணனைத் தகர அறைக்குக் கூட்டிப் போவேன். ஏணியில் ஒரு கையால் ஏறுவான். முதுகைச் சுவரில் ஒட்டி நிற்பான். வலது கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதைத்தான் இப்போதைக்குத் தூக்கலாம் என்று டாக்டர் உத்தரவு. முழங்கை நடுங்கும். அந்தப் பக்கம் டம்ளர் அசையாது. செல்லக்கனி அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொருமுறை தூக்குவதற்கு முன்னும் அவன் குனிந்து காலைப் பார்க்கிறான். கிண்டலாகக் கேட்டால் தாங்கிக்கொள்வேன். அவன் உண்மையாகவே கேட்கிறான்.

“சார்வாள், குதிகால் தரையிலதான இருக்கு?”

“இருக்குண்ணே. அன்னைக்கும் இருந்துச்சு.”

இதை முதல்முறை சொன்ன அன்று அவன் பாட்டிலை மூன்று எண்ணி இறக்கி வைத்தான். பிறகு, “ஆசுபத்திரிக்கு மொத்தம் எவ்வளவுலே ஆச்சு?” என்று கேட்டான். அதுவரை அவன் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.